பத்துக்கு ஆறு

உங்கள் வாகனத்தை இன்னொரு வாகனம் முந்திச் செல்ல முயலும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தது புத்தகத்தில். அ, வேகத்தைக் கூட்ட வேண்டும். ஆ, முந்தவிடாமல் தடுக்க வேண்டும். இ, இடையூறு செய்யாமல் வழிவிட வேண்டும். விடை இ என்று பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சடித்திருந்தார்கள். பால்வண்ணன் அதை நான்காவது தடவையாகப் படித்தார். நான்காவது தடவையும் கண் 'ஆ'விலேயே போய் நின்றது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இ தான், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனாலும் 'ஆ' என்று ஒன்றை அச்சடித்து வைத்திருக்கிறான் என்றால் அப்படிச் செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கூடத்தில், ஒரே கம்பியில் கோத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். யாராவது அந்தக் கோடியில் எழுந்தால் இந்தக் கோடியில் ஆடியது. டோக்கன் நாற்பத்தொன்று. பலகையில் சிவப்பு எழுத்தில் பதினெட்டு. சுற்றிலும் இருந்த எல்லோருக்கும் வயதும் அந்தப் பதினெட்டுதான் இருக்கும், போன மாதம் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு நேராக இங்கே வந்தவர்கள், ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், முன்நெற்றி ஏறிப்போய், சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, எல்எல்ஆருக்குப் படித்துக்கொண்டிருக்கிற ஆள் தான் ஒருவர்தான் என்பது அவருக்குப் பிடரியில் உறைத்தது. மனைவி வடிவிடம் பிஎஃப் விஷயமாக டவுனில் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சாப்பாட்டை எடுத்துக்கிட்டுப் போங்க என்று சொன்னாள். பொய் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு டிபன் பாக்ஸ் கனக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

முந்துவது என்பது ஒரே நாளில் நடப்பதில்லை. கல்யாணமானபோது அவர் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர், அவள் பிஎட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பிறகு அவள் டீச்சர். அவர் ஆய்வக உதவியாளர். பிறகு அவள் பட்டதாரி ஆசிரியை. அவர் ஆய்வக உதவியாளர், பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவி அடுக்குகிறவர். போன ஆண்டு அவளைத் தலைமை ஆசிரியையாக்கி, நாளுக்கு இரண்டு பஸ் மட்டும் போகிற ஓர் ஊருக்கு மாற்றினார்கள். அவள் ஒரு வாரம் யோசித்தாள், பிறகு பழைய கார் ஒன்றை வாங்கினாள், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இவரிடம் கேட்டாள், இல்லை என்று சொல்ல முடியாது. நீங்க கத்துக்கிடுதீங்களா, இல்ல நான் கத்துக்கிடட்டுமா என்று கேட்டாள். இருபது வயதில் அக்கா வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை ஓட்டப்போய், நேராக ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் விட்டு, வாழைமரத்தைச் சாய்த்து, சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர்கள் எல்லாம் சிரித்த சிரிப்பு காதுக்குள் கேட்டது. அதற்குப் பிறகு சைக்கிளைத் தவிர எதன் கைப்பிடியைத் தொட்டாலும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். நீயே கத்துக்கோ என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அந்தப் பெருந்தன்மை பத்து நாள்தான் தாங்கியது. ஏனென்றால் பதினோராவது நாள் வீட்டுக்குள் ஜெபசிங் சார் வந்துவிட்டார். ஆளாக இல்லை, பேராக. ஜெபசிங் சார் சொல்வாரு, கிளட்ச்சை மிதிச்சு விளையாடக் கூடாது, கேட்டுக் கேட்டு விடணும்னு. தோசையைத் திருப்பும்போது சொன்னாள். கேட்டுக் கேட்டு விடணும். கிளட்ச்சிடம் என்ன கேட்பது? அது என்ன சொல்லும்? அவள் இடது பாதம் சமையலறைத் தரையில் மெல்ல மெல்ல எழுந்ததை அவர் பார்த்தார். ஜெபசிங் சார் சொல்வாரு, கண்ணாடி பார்க்காம திரும்புறவன் கடவுளை நம்பித் திரும்புறான்னு. ஜெபசிங் சார் சொல்வாரு. பேரையும் சாரையும் சேர்த்து ஒரு முழு மனிதனாகச் சொன்னாள். தன்னை அவள் எப்படிக் கூப்பிடுகிறாள் என்று யோசித்தார். ஏங்க. இங்க பாருங்க. அதுவும் பாதி நேரம் சொல்வதில்லை, பாத்திரத்தை வைக்கிற சத்தமே போதும்.

அதுவரையில் அது வெறும் எரிச்சல்தான், நாக்கில் பட்ட புளிப்பு மாதிரி. அன்றைக்கு பஸ்ஸில் போகாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். வண்ணார்பேட்டை சிக்னலில் பஸ் நின்றது. நின்றுகொண்டு போனதால் தலையைக் குனிந்தால்தான் வெளியே தெரியும், எதற்குக் குனிந்தாரோ, குனிந்தார். கீழே மஞ்சள் கார். கூரையில் டிரைவிங் ஸ்கூலின் பெயர்ப் பலகை, முன்னால் சிவப்பு எல். ஓட்டுகிற இடத்தில் வடிவு. பக்கத்தில் ஒரு முழங்கை, ஒரு கடிகாரம், ஒரு கை, மேலே பஸ்ஸிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும், முகம் தெரியாது. அந்தக் கை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது. அவள் கையும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்று இந்த ஏழு மாதத்தில் அவர் பலமுறை அளந்துவிட்டார், சில நாள் ஒரு சாண் வருகிறது, சில நாள் இரண்டு விரல். ஆனால் கைகூடப் பெரிதில்லை. பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது, அவள் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப்பல் தெரிய. அந்தப் பல்லில் அடைத்த வெள்ளிப் பூச்சு அவருக்குத் தெரியும், அதற்கு அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், அதை இன்னொருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் அவள் சிரிப்பது வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக. அப்படித்தான் அவளுக்குச் சிரிக்க வரும் என்றே பத்தொன்பது வருஷமாக நினைத்திருந்தார். பஸ் கிளம்பியபோது கம்பியைப் பிடிக்க மறந்து முன்னால் நின்றவர் மேல் விழுந்தார். அந்த ஆள் திரும்பி, கண்ணு தெரியலியோவே, என்றார். தெரிந்தது, எல்லாம் தெரிந்தது.

இருபத்தாறு. இருபத்தேழுக்கு ஒரு பெண் எழுந்துபோனாள். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட ஹாரன், ஒலி எழுப்பக் கூடாது. முக்கோணத்துக்குள் நெளிகிற கோடு, அது வளைவா வழுக்கலா, வழுக்கல் என்றால் காருக்குப் பின்னால் கோடு நெளியும், இது வெறும் நெளிவு, அப்படியானால் வளைவு. ஆய்வகத்தில் அவருக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. சுடரில் காட்டினால் தாமிரம் பச்சை, சோடியம் மஞ்சள், பார்த்த மாத்திரத்தில் சொல்வார், புதிதாக வருகிற பேராசிரியர்களே அவரிடம் வந்து கேட்பார்கள். அழுகின முட்டை நாற்றம் வந்தால் எந்தப் பையன் எந்த உப்பில் அமிலத்தை ஊற்றினான் என்று இந்த அறையிலிருந்தே தெரியும். அந்த வாயுவில் ஒன்று உண்டு, பத்து நிமிஷம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம், போயிருக்காது, அப்போதுதான் ஆபத்து. ஏழு மாதமாக அவர் அப்படித்தான் இருக்கிறார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கினாள். அதைத் துவைத்து காம்பவுண்டுச் சுவரில் காயப்போட்டிருந்தாள். யாருக்காக ஷூ? காலை ஆறு மணி வகுப்புக்கு ஐந்து மணிக்கே எழுந்து தலைக்குக் குளித்தாள் ஒரு நாள். வண்டி படிக்கப் போகிறவள் தலைக்குக் குளிப்பாளா? அன்று வெள்ளிக்கிழமை. பத்தொன்பது வருஷமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அவள் தலைக்குக் குளிக்கிறாள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே சந்தேகப்பட்டார், சந்தேகம் என்று சொல்வதுகூடத் தப்பு, அவள் மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கோயில் கொடிமரத்தில் கை வைத்துச் சொல்வார். சந்தேகம் இல்லாத இடத்தில் இது என்ன எரிகிறது என்றுதான் புரியவில்லை. லைசென்ஸ் வாங்கினாள், வகுப்பு முடிந்தது, அந்தப் பேரும் மெல்ல மெல்லக் குறைந்தது. அது குறைந்ததுகூட அவருக்குப் பொறுக்கவில்லை, ஏன் இப்போது சொல்வதில்லை, உள்ளே வைத்துக்கொண்டாளா? இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் ஷேவ் செய்யும்போது முடிவெடுத்தார், நானும் ஓட்டுவேன். அவளுக்குத் தெரியாமல் படித்து, ஒரு நாள் சாவியைக் கையில் வாங்கி. கண்ணாடியில் பார்த்தபோது கன்னத்தில் ரத்தம்.

“செல்வராணி, போட்டோ எடுக்கும்போது கண்ணாடியைக் கழட்டிரு. மாரீஸ், நீ முப்பத்தெட்டு, வெளிய போய் நிக்காத.” ஒரு குரல் கேட்டது. கையில் பிளாஸ்டிக் கோப்போடு ஓர் ஆள் நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் டிரைவிங் ஸ்கூலின் பெயர் தைத்திருந்தது. அந்த மஞ்சள் கார்ப் பள்ளி. கவுண்டரிலிருந்து யாரோ, ஜெபசிங், இங்க ஒரு கையெழுத்து, என்று கூப்பிட்டார்கள். பால்வண்ணன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஏழு மாதமாக முழங்கைக்கு மேலே அவர் வரைந்து வைத்திருந்த முகம் வேறு. முப்பத்தைந்து வயது, மீசை, குளிர்கண்ணாடி. வந்தவருக்கு அறுபதை நெருங்கும். தொப்பை. கழுத்தில் தைலம் மணந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வேறு இடமே இல்லாத மாதிரி, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையே ஆடியது. கடிகாரம் அதேதான்.

“அண்ணாச்சி எத்தனாவது நம்பர்?”

“நாப்பத்தொண்ணு.”

“இன்னும் கால்மணி ஆகும். புத்தகத்தை ரொம்பப் படிக்காதீங்க, குழப்பிவிட்டுரும். வட்டம்னா கட்டளை, முக்கோணம்னா எச்சரிக்கை. பத்துக்கு ஆறு அடிச்சாப் போதும்.”

பால்வண்ணன் புத்தகத்தை மூடினார். கேட்கக் கூடாது என்று நினைத்தார். தனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லாத மாதிரி, பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “உங்ககிட்ட பொம்பளைங்க நிறையப் படிக்காங்களோ?”

“முக்காவாசி அவங்கதான். சொன்னதைக் கேப்பாங்க.”

“என் வீட்ல உங்ககிட்டதான் படிச்சாங்க. போன ஆவணியில. சண்முகவடிவு. ஹெட்மிஸ்ட்ரஸ்.”

ஜெபசிங் நெற்றியைச் சுருக்கினார். “டீச்சர்மாரே வருஷத்துக்கு முப்பது பேரு வாராங்களே. கண்ணாடி போட்டிருப்பாங்களா?”

“இல்ல. உயரமா இருப்பா. வெள்ளை ஷூ போட்டுட்டு வருவா.”

“ஷூ எல்லாரும்தான் போடுவாங்க, நான்தான் போடச் சொல்லுவேன். செருப்புன்னா பெடல்ல மாட்டிக்கிடும்.”

“நல்லாச் சிரிப்பா,” என்றார் பால்வண்ணன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.

“எல்லாரும் சிரிப்பாங்க அண்ணாச்சி. சிக்னல்ல வண்டி ஆஃப் ஆகாம முத தடவை கிளம்பிச்சின்னா சிரிக்காத ஆளே கிடையாது. போன மாசம் ஒரு தாசில்தார், ரிட்டயர்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு.” பிறகு உண்மையிலேயே வருத்தப்பட்ட குரலில், “மன்னிச்சுக்கிடுங்க. முகம் ஞாபகம் வரல. பக்கத்துல இருந்தா நான் ரோட்டைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன். ஆளைப் பார்த்தா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்,” என்றார். முப்பத்தெட்டு என்று பலகை மாறியது. மாரீஸைத் தேடிக்கொண்டு எழுந்துபோனார்.

முதலில் ஒரு குளிர்ச்சி, வெயிலில் வந்தவன் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஏழு மாதமாக அளந்தது எல்லாம் வெறும் காற்று, அந்த ஆள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அடியிலிருந்து வேறு ஒரு சூடு ஏறியது, இது அவர் எதிர்பார்க்காதது. ஞாபகம் இல்லையா? என்ன ஆள் இவர்? வடிவை ஒருவர் முப்பது நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞாபகம் இல்லாமல் போக முடியுமா? அவள் அப்படித் தலையைச் சாய்த்துச் சிரித்திருக்கிறாள், பஸ்ஸிலிருந்து ஒரு தடவை பார்த்ததற்கே ஒருவனுக்கு ஏழு மாதம் தூக்கம் போயிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர் தாசில்தாரோடு சேர்த்து எண்ணுகிறார். எழுந்துபோய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து, நல்லா யோசிச்சுப் பாரும், என்று கேட்கவேண்டும் போல இருந்தது. அவருக்கு அவளைத் தெரிந்திருந்தாலும் எரிந்திருக்கும், தெரியவில்லை என்றாலும் எரிகிறது. அப்படியானால் எரிவது அந்த ஆளைப் பார்த்து இல்லை. அவள் யாரோடும் இல்லாமல், ஒரு காரோடும் ஒரு சிக்னலோடும் தனியாக அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள். பொறாமைப்பட ஒரு ஆண்பிள்ளை இருந்தவரைக்கும் வசதியாக இருந்தது. இப்போது யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? பச்சை விளக்கைப் பார்த்தா?

நாற்பத்தொன்று என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது. உள்ளே கணினி, ஒரு கேள்விக்கு முப்பது விநாடி. விநாடிகள் மேல்மூலையில் குறைந்துகொண்டே வந்தன, அதைப் பார்த்தால் கேள்வியைப் பார்க்க முடியவில்லை. முதல் கேள்வி ஆம்புலன்ஸ், சரி. இரண்டாவது பார்க்கிங், தப்பு, திரையில் சிவப்பு. மூன்றாவது படிக்கும்போதே நேரம் போய்விட்டது. வடிவு பத்துக்குப் பத்து எடுத்தாள், அன்றைக்கு வந்து சொன்னபோது இவர் கீரை வாங்க மறந்துட்டியே என்றார். நான்கு சரி, ஐந்து சரி. பத்துக்குப் பத்து எடுத்தவளிடம் கீரை. ஆறு தப்பு. ஏழு, எட்டு, சரி, சரி. ஒன்பதில் அந்த நெளிகிற கோடு வந்து, வளைவு என்றும் வழுக்கல் என்றும் மனம் ஆடி, வழுக்கல் என்று தொட்டு, தப்பு. பத்தாவது, குறுகிய பாலத்தில் எதிரே ஒரு வண்டி ஏறிவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள்? பத்தொன்பது, பதினெட்டு. நான் நிற்பேன். அந்த வண்டி வந்து முடியட்டும். விரல் வியர்த்து, தொட்டால் திரை ஏற்கவில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார், மூன்று விநாடி இருந்தது. பச்சை. ஆறு. “பாஸ் சார், அடுத்த ஆளு வாங்க,” என்றார் மேசைக்காரர், முகத்தைப் பார்க்காமலே.

வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றபோது போன் அடித்தது, வடிவு. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுகளின் சத்தம்.

“போன காரியம் முடிஞ்சுதா? அந்த பிஎஃப் ஆளைப் பார்த்தீங்களா?”

“பிஎஃப் இல்ல,” என்றார். “எல்எல்ஆர் எடுக்க வந்தேன்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“பாஸா?”

“பத்துக்கு ஆறு.”

“ஆறு போதும்லா,” என்றாள். தன்னுடைய பத்தைச் சொல்லவில்லை. பிறகு, “ஜெபசிங் சார் அங்கதான இருப்பாரு? பார்த்தீங்களா?”

“பார்த்தேன். பேசினேன்.”

“என்னை ஞாபகம் இருக்காமா?”

தனக்கு அதில் ஒரு அக்கறையும் இல்லாத மாதிரிக் கேட்டாள், வாயில் சோற்றோடு. அந்தக் குரல் அவருக்குத் தெரியும், ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே குரலில் அவரும் ஒன்று கேட்டிருந்தார். பதில் நாக்கின் நுனியில் இருந்தது, இல்ல, உன்னை ஞாபகமே இல்லைன்னுட்டாரு. பொய்கூட இல்லை, சுத்தமான உண்மை. அதைச் சொன்னால் அந்தப் பேர் இன்றோடு வீட்டைவிட்டுப் போய்விடும், இனி தோசைக்கும் குழம்புக்கும் நடுவில் எந்த சாரும் எதுவும் சொல்லமாட்டார். ஏழு மாதமாகக் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் போல. அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள் என்பது கேட்டது. அவள் மெல்லுவதை நிறுத்தியது அவருக்குத் தாங்கவில்லை.

“இல்லாம? பேரைச் சொன்னதும் தெரிஞ்சுகிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. “மேம்பாலத்துல ஏத்தத்துல வண்டி நின்னு, பின்னால ஒட்டினாப்ல லாரி நின்னப்போ, ஒரு இஞ்சு உருளாம நீ எடுத்தியாமே, அப்படி எடுக்கிற ஆளை அவரு பார்த்ததே இல்லியாம்.”

சொல்லி முடித்ததும், நன்றாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தார். பிள்ளைகள் சத்தம், எங்கோ ஒரு குழாய், அவள் அந்தச் சத்தத்திலிருந்து தள்ளி நடந்துபோவது தெரிந்தது.

“அவர்கூட நான் மேம்பாலத்துக்கே போனதில்லியே,” என்றாள் வடிவு. “அன்னைக்குப் பக்கத்துல இருந்தது நீங்கல்லா.”

ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது. ஆமாம், அவர்தான் இருந்தார். தை மாதம், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது. இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காமல்.

“அவருக்கு ஞாபகம் இல்ல, என்ன?” என்றாள்.

“இல்ல.”

ம், என்றாள். அந்த ம்மில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, அந்த வருத்தமும் அந்த ஆளுக்குத்தானே போகிறது என்று ஒரு முள் குத்தத்தான் செய்தது. அவர் அசையாமல் நின்று அதைக் குத்தவிட்டார்.

“உருளவே இல்லியா?”

“ஒரு இஞ்சுகூட இல்ல.”

“அன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?”

“பயந்துபோய் இருந்தேன்.”

“வண்டிக்கா?”

பால்வண்ணன் ரோட்டைப் பார்த்தார். புதிதாக எல்எல்ஆர் வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டி வெயிலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வண்டிக்கும்தான்,” என்றார்.